மேற்கே ஆறு, இரண்டு மாடிக் கண்ணாடி

வீடு கட்டுகிறவர்களுக்கான கேள்வி-பதில் பகுதி. தக்கலையில் இருந்துகொண்டு நாகர்கோவில், திருவனந்தபுரம் இரண்டு பக்கமும் வீடு வரைந்து கட்டித் தரும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் ஆற்றங்கரைக் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு வந்து திருவனந்தபுரத்தில் திருவல்லம் பக்கம் கரமனையாற்றங்கரையில் 32 சென்ட் வாங்கியிருக்கிறோம். ஆறு மேற்குப் பக்கம். 4,500 சதுர அடியில் வீடு. ஆற்றைப் பார்த்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடிச் சுவர் வேண்டும் என்று மனைவிக்கும் மகனுக்கும் ஆசை. டிசைனர் அனுப்பிய படம் இத்துடன் இருக்கிறது. சரியாக வருமா?
(திருவல்லம் வாசகர்)

பதில்: படம் அழகாகத்தான் இருக்கிறது தம்பி. வரைந்தவர் வெயிலைக் கேட்காமல் வரைந்துவிட்டார், அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். ஜூனில் கொஞ்சம் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுப்பகலில் சூரியன் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் மூன்று நாலடி நீட்டிய கூரை இறவாணமே பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

மேற்கு அப்படி இல்லை. மார்ச் மாதம் சாயங்காலம் நாலரை மணிக்கு சூரியன் அடிவானத்திலிருந்து 29, 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். நாலடி நீட்டிய சன்ஷேடு அந்த நேரத்தில் சுவரின் மேல் இரண்டடிக்கு நிழல் கொடுத்தால் அதிகம். உங்கள் படத்தில் கண்ணாடி இருபதடி. மீதிப் பதினெட்டடி வழியாக வெயில் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும். இது போதாதென்று ஆறு வேறு. சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கீழிருந்து மேலே வரும். அதைத் தடுக்க எந்த சன்ஷேடாலும் முடியாது. விலை உயர்ந்த இரட்டைக் கண்ணாடி போட்டால் சூடு குறையும், கண் கூச்சம் குறையாது. கடைசியில் மதியம் இரண்டு மணிக்குத் திரையை இழுத்து மூடி ஏசியைப் போடுவீர்கள். ஆற்றைப் பார்ப்பதற்குத்தானே இவ்வளவு பணம்?

நான் என்ன செய்வேன் என்றால், வீட்டைத் திருப்பிப் போடுவேன். டிசைனர்கள் வீட்டின் நீளப் பக்கத்தை ஆற்றோரமாக விரிப்பார்கள், எல்லா அறையிலிருந்தும் ஆறு தெரியட்டும் என்று. மேற்கே ஆறு உள்ள மனையில் குறுகிய பக்கத்தை ஆற்றுக்குக் காட்டி, நீளத்தைக் கிழக்கு மேற்காக விடுங்கள். படுக்கையறைகளுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல். மேற்கு முனையில் பன்னிரண்டடி ஆழத்துக்கு ஒரு பெரிய திண்ணை, மேலே தாழ்ந்த ஓட்டுக் கூரை. அதே நாலரை மணிக்கு அந்தப் பன்னிரண்டடி உங்களுக்கு ஆறடிக்கு மேல் நிழல் தரும். இறவாணமும் தாழ இறங்கி வருவதால் ஆளுக்கு மேலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் வெயில் படாது. இடுப்பளவுக்குப் பலகை அழி (இடைவெளி விட்ட மரச் சட்டத் தடுப்பு) அடைத்தால் கீழிருந்து வரும் கூச்சமும் போய்விடும். ஐந்தரைக்கு மேல் அழியைத் திறந்துவிட்டு உட்கார்ந்து ஆற்றைப் பாருங்கள். பகலில் கடலிலிருந்து வரும் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நடுவில் ஒரு முற்றம் விட்டால் காற்று உள்ளே நுழைந்து மேலே ஏறிப் போக வழி கிடைக்கும்.

தக்கலைக்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒருநாள் குடும்பத்தோடு பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குப் போய்வாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிற அரண்மனை. சுற்றுலா வருகிறவர்கள் கட்டிலையும் வாளையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ராஜா மந்திரிகளோடு ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சரிந்த மரச் சட்டங்களின் இடைவெளியில் காற்று வரும், வெயில் வராது. வெளியே பளீரென்று அடிக்கிற ஏப்ரல் நடுப்பகல் உள்ளே வரும்போது மங்கி, கறுப்புத் தரையில் விழுந்து அடங்கிவிடும். வெள்ளை மார்பிள் போட்டிருந்தால் அவ்வளவு வெளிச்சமும் முகத்தில் அடித்திருக்கும். உங்கள் படத்தில் தரை பளபளக்கும் வெள்ளை இத்தாலிய மார்பிள் என்பதையும் கவனித்தேன்.

கண்ணாடியைவிட முக்கியமான ஒரு விஷயம் கடிதத்தில் இல்லவே இல்லை. 32 சென்ட் என்றால் ஏறக்குறைய 1,295 சதுர மீட்டர். ஆற்றோரம் 30 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே 43 மீட்டர்தான் போகும். திருவல்லம் பக்கம் ஆறு கடலுக்கு அருகில் வந்துவிடுகிறது, வேலியேற்றம் உள்ள இடம், அதாவது கடல் ஏறி இறங்கும்போது ஆற்று மட்டமும் ஏறி இறங்கும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, வேலியேற்றம் உள்ள ஆற்றில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இதில் எது குறைவோ அதுவரைக்கும் கட்டுப்பாடு உண்டு. அப்படியானால் உங்கள் மனையில் பெரும்பகுதி, ஒருவேளை முழுவதுமே, அதற்குள் வரலாம். நகரத்துக்குள் அடங்கிய வகை என்றால் ஏற்கெனவே இருக்கும் ரோட்டுக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ உள்பக்கமாகக் கட்ட இடம் உண்டு. வேறு வகை என்றால் கதையே வேறு. மாநகராட்சிக்கு பிளான் போவதற்கு முன்னால் கடற்கரை மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே கையோடு வில்லேஜ் ஆபீஸில் ரெண்டு விஷயம் விசாரியுங்கள். ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிந்து உங்கள் எல்லை எங்கே தொடங்குகிறது என்று அளந்து கல் நட்டுத் தரச் சொல்லுங்கள். அப்புறம் ரிக்கார்டில் மனை புரயிடம் (வீட்டுமனை, தோட்டம்) என்று இருக்கிறதா, நிலம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிலம் என்றால் அங்கே வயல் என்று கணக்கு. 2008 நெல்வயல் சட்டத்தின் தரவு வங்கியில் பெயர் ஏறியிருந்தால் மண் அடிக்கக்கூட முடியாது. தென்னை நிற்கிறதே, எப்படி வயல் ஆகும் என்று கேட்பீர்கள். ரிக்கார்டுக்குத் தென்னை தெரியாது.

வெள்ளம் எதுவரை வந்தது என்பதை டிசைனரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். கோயில் மதிலில், பழைய கிணற்றுச் சுவரில் கறை இருக்கும். அருவிக்கரை அணையில் ஷட்டர் உயர்த்தினால் கரையோரத்தாருக்கு எச்சரிக்கை வருகிறது. அப்படி வரும் நாளில் போய் நின்று பாருங்கள். கிடைக்கிற மிக உயர்ந்த அளவுக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் விட்டு வீட்டின் தரையைப் போடுங்கள். மண் நிரப்பி மேடாக்க வேண்டாம். அந்த வெள்ளம் பக்கத்து வீட்டுக்குப் போகும், உறவும் போகும். தூணில் நிறுத்துங்கள். கீழே கார் நிற்கட்டும், தண்ணீர் வந்தால் வந்து போகட்டும். மின் பலகை, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் மேல் மட்டத்தில். லிஃப்ட் வைக்கப் போகிறீர்கள் என்று படத்தில் தெரிகிறது. லிஃப்டின் குழிதான் வீட்டிலேயே தாழ்ந்த இடம், முதலில் அதில்தான் தண்ணீர் நிற்கும். மழைக்காலத்தில் பெட்டியை மேல் மாடியில் நிறுத்திவைக்கிற பழக்கம் வேண்டும்.

கடலும் பக்கம் என்பதால் கான்கிரீட்டில் கஞ்சத்தனம் கூடாது. வெளியே உப்புக்காற்று படுகிற தூணுக்கும் பீமுக்கும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது எம்30 கலவை, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம். கொத்தனார் வழக்கமாக வைக்கிற 25 மில்லி கட்டை போதாது, வார்ப்புக்கு முந்தின நாள் நீங்களே போய் அளந்து பாருங்கள். கைப்பிடி ஸ்டீல் 316 என்று கேட்டு வாங்குங்கள், 304 அங்கே சீக்கிரம் புள்ளி விழும்.

ஒரு சின்னத் தகவல்: கேரளத்தில் 278.7 சதுர மீட்டருக்கு, அதாவது 3,000 சதுர அடிக்கு மேல் போனால் வருஷா வருஷம் தனி வரி உண்டு. ஆடம்பர வரி என்பார்கள். 4,500 சதுர அடி கட்டுகிறவருக்கு அது பெரிய தொகை இல்லை, தெரிந்து வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு குழித்துறையில், குமரி மாவட்டத்தில் ஓடும் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. தோட்டம் கரைந்து போகிறதே என்று ஒன்பதடி உயரத்துக்குக் கருங்கல்லும் சிமெண்டும் வைத்துச் சுவர் கட்டினோம். மழையில் வெள்ளம் சுவர் உச்சிவரை ஏறியது, சுவர் அசையவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், அப்படியே ஆற்றுக்குள் சாய்ந்துவிட்டது. வேலை மோசம் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டுவிட்டேன். சண்டை சரிதானா?
(குழித்துறை வாசகி)

பதில்: பாதி சரி, அம்மா. கல் வேலை நன்றாக இருந்ததால்தான் சுவர் துண்டு துண்டாக உதிராமல் அப்படியே சாய்ந்திருக்கிறது. அவர் விட்டுவிட்டது வேறு ஒன்று.

வெள்ளம் ஏறி நிற்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் மண்ணும் தண்ணீரும், அந்தப் பக்கம் ஆறு. இரண்டு பக்கமும் தள்ளுவதால் சுவர் நிற்கும். ஆறு ஒரே ராத்திரியில் இறங்கிவிடுகிறது. தோட்டத்து மண்ணில் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வடியாது. மறுநாள் காலை உங்கள் சுவருக்குப் பின்னால் ஒன்பதடிக்கு நனைந்து கனத்த சேறும் தண்ணீரும், முன்னால் வெறும் காற்று. சிமெண்ட் பூசி இடைவெளி இல்லாமல் அடைத்த சுவர், தண்ணீர் வெளியேற வழியே இல்லை. ஆற்றங்கரைச் சுவர்களில் பல வெள்ளத்தில் விழுவதில்லை, வெள்ளம் வடியும்போதுதான் விழுகின்றன.

மறுபடி கட்டும்போது சுவரில் மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய்களை ஐந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து ஒரு வரிசை, அதற்கு மேல் மாற்றி மாற்றி இன்னொரு வரிசை. குழாய் வைத்தால் மட்டும் போதாது, இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். குழாயின் பின்வாய்க்கு எதிரே நேரடியாகத் தோட்டத்து மண்ணைத் தள்ளினால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு அடியிலிருந்து உச்சிவரை ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி விரிக்க வேண்டும். கொத்தனார் அக்கம் பக்கம் கிடக்கிற செங்கல் துண்டையும் பூச்சுக் கழிவையும் போட்டு நிரப்பப் பார்ப்பார், விடாதீர்கள். ஆற்றுப் பக்கம் அஸ்திவாரத்தை ஆற்றின் அடித்தளத்துக்குக் கீழே இறக்கி, அடிவாரத்தில் பெரிய கற்களைக் கொட்டுங்கள். தண்ணீர் முதலில் அரிப்பது அங்கேதான்.

ஒன்பதடியை ஒரே மூச்சில் கட்டாமல் இரண்டு படியாகப் பிரித்து, நடுவில் ஆறடி சரிவு விட்டு, அதில் வெட்டிவேரும் மூங்கிலும் கைதையும் (தாழை) நட்டால் இன்னும் நல்லது. கேரளத்தில் ஓடைக்கரைகளில் தென்னைநார் விரிப்பைப் போர்த்திப் புல் வளர்க்கிறார்கள். நார் மக்கும் காலத்துக்குள் வேர் பிடித்துவிடும். எப்படியானாலும் கரையில் கல் வைப்பதற்கு முன்னால் நீர்வளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

கொத்தனாரிடம் சமாதானம் பேசுங்கள். குழித்துறையில் கருங்கல் நேராக அடுக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கேள்வி: சித்தூர்ப் புழையோரம் வீடு. கூரை சரிவாக, ஓட்டு வீடு மாதிரி இருக்க வேண்டும், ஆனால் குரங்குத் தொல்லையும் வேண்டாம், ஒழுகவும் கூடாது. சரிவாகவே கான்கிரீட் வார்த்து மேலே ஓடு ஒட்டிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர்.
(சித்தூர், பாலக்காடு மாவட்ட வாசகர்)

பதில்: எனக்குப் பிடிக்காத வேலை இது. சரிந்த கான்கிரீட்டை நன்றாக இறுக்கி வார்ப்பது கஷ்டம், கலவை கீழே வழிந்து அங்கங்கே பொத்தல் விடும். மேலே ஒட்டிய ஓடு வெயிலில் ஒரு அளவு விரியும், கீழே கான்கிரீட் இன்னொரு அளவு. சில வருஷத்தில் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாமல் போகும். சூட்டுக்கும் பயன் இல்லை, பாலக்காட்டு மார்ச் வெயில் அப்படியே அறைக்குள் இறங்கும். ஓடு குளிர்ச்சி தருவது அதன் அடியில் காற்று ஓடுவதால்தான். ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

சமதளமாக வார்த்து, அதற்கு மேல் இரும்பு டிரஸ் போட்டு ஓடு மேயுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற உயரம், இரண்டு முனையிலும் முகப்பில் மர அழி. குரங்கு ஓட்டை உடைத்தாலும் வார்ப்பு இருக்கிறது, துணி காயப்போட இடமும் ஆயிற்று. பணம் இருக்கிறது, மரம்தான் வேண்டும் என்றால் கழுக்கோலுக்கு (கூரையின் சாய்ந்த கைமரம்) தேக்கைத் தேடி அலைய வேண்டாம், நன்றாகக் காய்ந்த ஆஞ்சிலி போதும். எங்கள் அப்பா ஆசாரி. ஆஞ்சிலியில் வேலை என்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவார்.

கேள்வி: மேடம், புனலூரில் கல்லடையாற்றை ஒட்டி எங்கள் கெஸ்ட் ஹவுஸ். நீச்சல் குளம் கட்டுகிறோம். மழைக்காலத்தில் யாரும் வரமாட்டார்கள், அதனால் ஜூன் பிறந்ததும் குளத்தை இறைத்துக் காலியாக வைக்கலாமா?
(புனலூர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். காலிக் குளம் மிதக்கும்.

கணக்கு சொல்கிறேன். உள்ளளவு எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். சுவரும் அடியும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வையுங்கள். மொத்தக் கான்கிரீட்டும் 37 டன் அளவுக்குத்தான் வரும். மழையில் ஆறு ஏறி, மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் குளத்தின் விளிம்புவரை உயர்ந்தால், அது குளத்தை 60 டன்னுக்கு மேல் மேலே தள்ளும். குளத்தில் தண்ணீர் இருந்தால் அதன் கனம் அமுக்கிப் பிடிக்கும். இறைத்துவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. ஒரு மூலை அரையடி எழும்பினாலும் போதும், குழாய் எல்லாம் முறிந்து குளம் வீண்.

அதனால் மழைக்காலத்தில் நிரம்பியே இருக்கட்டும். கட்டும்போதே அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டினால் அதன் மேல் மண் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். அடியில் ஜல்லி விரித்து, வெளித் தண்ணீரின் அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் வால்வு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான். அதையும் மழையில் காலி செய்யக் கூடாது. கிணற்றிலிருந்து ஏழரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆற்றுப் பக்கம் அல்ல, ரோட்டுப் பக்கம் வையுங்கள்.

கேள்வி: வாஸ்துப்படி ஆறு வடக்கிலோ கிழக்கிலோதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு மேற்கில். பரிகாரம் உண்டா?
(கரமனை வாசகி)

பதில்: பரிகாரம் வாஸ்து பார்ப்பவரிடம் கேளுங்கள். மேற்கே ஆறு இருந்தால் கஷ்டம் என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. என் பரிகாரம் முதல் பதிலில் இருக்கிறது, தட்சிணை வேண்டாம்.

கேள்வி: நெய்யாற்றங்கரையில் புது வீடு. ஆற்றைப் பார்த்த படுக்கையறையில் மேற்குச் சுவர் நீளத்துக்கு அலமாரி அடித்தோம். ஜூலையில் திறந்தால் செருப்பு, பெல்ட், பட்டுப்புடவை எல்லாம் பச்சைப் பூஞ்சை. தச்சர் மரம் சரியில்லை என்கிறார், பெயிண்டர் பூச்சு சரியில்லை என்கிறார்.
(நெய்யாற்றங்கரை வாசகி)

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள், அலமாரி நிற்கிற இடம்தான் சரியில்லை. காலவர்ஷத்தில் (தென்மேற்குப் பருவமழை) சாரல் அடிக்கிற மேற்குச் சுவர் அது. வெளியே நனைந்து, உள்ளே அலமாரி மறைத்து, காற்றுப் படாமல் இருக்கிறது. அதே அறையில் ஏசியை 18இல் வைத்துத் தூங்குகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த அறைக்குள் காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஆற்றங்கரை ஈரக்காற்று வந்து, குளிர்ந்த பொருள் எதுவானாலும் அதன் மேல் வியர்க்கும். இரவில் 26இல் வையுங்கள், ஏசியை அணைத்து அரை மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறங்கள்.

அலமாரியை உள்சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் முதுகுப் பலகையைக் கழற்றி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி, கீழேயும் மேலேயும் காற்றுப் போக ஓட்டை விட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். கதவில் ஒரு பாதியாவது சட்ட இடைவெளி உள்ள கதவாக இருக்கட்டும். வெளிச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று அடுத்த மழைக்கு முன்னால் பார்த்து அடைத்து, மேலே ஒரு ஓட்டுச் சாய்ப்பு இறக்குங்கள். பட்டுப்புடவையை மட்டும் இப்போதே எடுத்துக் கிழக்கு அறைக்குக் கொண்டுபோங்கள்.